ஆதரிக்கிறோம் என்னும் வினை

2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' தன் 175 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாக ஒரு வேட்பாளரை ஆதரித்தது; அவர் ஜோ பைடன். 'நேச்சர்' இதழும் அவரையே ஆதரித்தது. கொரோனாப் பெருந்தொற்றில் டிரம்ப் அரசு அறிவியலைப் புறந்தள்ளியது என்ற அவற்றின் வாதத்தில் பிழையில்லை. பிழை வினைச்சொல்லில் இருக்கிறது. 'தடுப்பூசி பயன் தரும்' என்பது சான்றுகொண்டு சரிபார்க்கத்தக்க கூற்று. 'இவரை ஆதரிக்கிறோம்' என்பதோ சொல்லும்போதே நிகழ்ந்துவிடும் செயல். அதற்கு மெய், பொய் இல்லை. ஒரே வாய் இரண்டையும் சொன்னால், கேட்பவர் பின்னதைக் கொண்டே முன்னதை எடைபோடுவார்.

இதற்குச் சான்றும் உண்டு. 'நேச்சர்' பைடனை ஆதரித்த செய்தியைப் படிக்கத் தரப்பட்ட டிரம்ப் ஆதரவாளர்களிடம் அவ்விதழின்மீதான நம்பிக்கை சரிந்தது. தடுப்பூசி குறித்த அதன் கட்டுரைகளைக் கேட்டுப் பெறுவதும் கணிசமாகக் குறைந்தது. வேட்பாளர்களைப் பற்றிய கருத்தோ ஏறத்தாழ அசையவில்லை. ஃபிலாய்டு ஜாங்கின் இந்த ஆய்வு 2023இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழிலேயே வெளிவந்தது. (அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.)

'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' அதே அக்டோபரில் எழுதிய தலையங்கம் இன்னும் கடுமையானது. ஆட்சியாளர் பதவியில் நீடிக்கலாகாது என்றது. ஆனால் எந்த வேட்பாளரின் பெயரையும் சொல்லவில்லை. யாரென்று எல்லோருக்கும் தெரியுமே, இது வெறும் நாசூக்கு என்பர் சிலர். ஆயினும் அங்கே எடைபோடப்பட்டது நோய்த்தடுப்புப் பணி மட்டுமே. 2024இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' மீண்டும் பெயரைச் சொல்லியே கமலா ஹாரிஸை ஆதரித்தது.