ராணி இருந்தும் ஜெயிக்காத ஆட்டம்

போன மாதம் பேரன் ஒரு செஸ் போட்டிக்குப் போய்விட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "தாத்தா, என்கிட்ட ராணி இருந்துச்சு. அவன்கிட்ட ஒரே ஒரு சிப்பாய்தான். ஆனா டிரா ஆயிடுச்சு" என்றான். பலகையில் வைத்துக் காட்டச் சொன்னேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் ஏமாந்த அதே இடம்!

அப்போது எனக்கு வீடு விழுப்புரம், வேலை திண்டிவனம். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று போகும் காலை பாசஞ்சர். அலுவலகத்து மூத்தவர் ஒருவர் டிபன் பையில் சின்னக் காந்தப் பலகை வைத்திருப்பார். முழு ஆட்டம் ஆட மாட்டார். நாலே காய்கள்தான். எனக்கு ராஜாவும் ராணியும். அவருக்கு ராஜாவும், இன்னும் ஒரு கட்டம் போனால் ராணியாகிவிடும் சிப்பாயும். "ஜெயிங்க தம்பி" என்பார். மயிலம் வருவதற்குள் சிப்பாயை வெட்டிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன். "சரி, இப்ப என் ராஜா எங்கே போகும்னு சொல்லுங்க" என்றார். மூலையில் இருந்த ராஜாவுக்குப் போக ஒரு கட்டமும் இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட்!

விஷயம் இதுதான். என் ராஜா தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரியின் சிப்பாய் நடு இரண்டு வரிசையிலோ குதிரை வரிசையிலோ இருந்தால் எப்போதும்போல ராணிக்கே வெற்றி. செக் வைத்து வைத்து எதிரி ராஜாவை அதன் சிப்பாய்க்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வழியை அதுவே அடைத்துக்கொண்டு நிற்கிற அந்த ஒரு நொடியில் நம் ராஜாவை ஒரு கட்டம் நெருக்க வேண்டும். திரும்பவும் செக், திரும்பவும் ஒரு கட்டம். படிப்படியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். யானை வரிசையிலோ பிஷப் வரிசையிலோ சிப்பாய் இருந்தால் கதையே வேறு. யானை வரிசையில், மூலையில் ஒடுங்கிய ராஜாவுக்கு நகர இடமில்லாமல் போவதால் நமக்கு நெருங்கவே நேரம் கிடைக்காது. பிஷப் வரிசையில் எதிரி சிப்பாயைக் கைவிட்டு மூலைக்குப் போய்விடுவான். ஆசைப்பட்டு வெட்டினால் என் கதிதான்.

பேரன் சிசிலியன் டிஃபென்ஸைப் பதினைந்து நகர்த்தல் வரை மனப்பாடமாக ஒப்பிக்கிறான். வகுப்பில் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள். இந்த நாலு காய் விஷயத்தை ஒன்றரை வருடத்தில் யாரும் காட்டவில்லை. வாத்தியார்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆரம்ப நகர்த்தல்களைக் கற்றால் பிள்ளை சீக்கிரம் நாலு கோப்பை வாங்கும், பெற்றோர் கட்டிய காசுக்குக் கண்ணெதிரே பலன் தெரியும். கடைசிக்கட்ட ஆட்டத்துக்கு அப்படி உடனடிப் பலன் கிடையாது. ஆனாலும் இது தலைகீழ்ப் பாடம் என்பதே என் அபிப்பிராயம். உலக சாம்பியனாக இருந்த காபாபிளாங்கா 1921-இல் எழுதிய பாடநூலே எளிய முடிவு நிலைகளில்தான் தொடங்குகிறது. காய் குறைவாக இருந்தால்தானே ஒவ்வொன்றின் பலமும் கண்ணுக்குத் தெரியும்?

நம் சென்னைப் பிள்ளை குகேஷ் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றதும் கடைசிக்கட்டத்தில்தான். பதினான்காவது ஆட்டம், அதுவரை ஆறரைக்கு ஆறரை. ஒரு சிப்பாய்தான் அதிகம், டிராதான் என்று பார்த்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அவன் விடாமல் ஆடினான். 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் யானையை மாற்றிக்கொள்ள வந்தார். யானைகள் போயின, பிஷப்புகளும் போயின. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்ச, அந்த ஒரே சிப்பாய் போதுமானதாக இருந்தது.

ஏழு காய்க்குள் இருந்தால் எந்த நிலைக்கும் கணினியிலேயே விடை இருக்கிறதே என்கிறான் மகன். இருக்கட்டும். போட்டி அறைக்குள் போனை விடுவார்களா?

இப்போது பேரனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஓரச் சிப்பாயாகவே இருந்தாலும், நம் ராஜா எந்தெந்தக் கட்டத்தில் இருந்தால் ஜெயிக்கலாம் என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு நாளாகச் சாப்பாட்டு மேஜையில் பலகை அப்படியே இருக்கிறது. யாரும் தொடக் கூடாதாம். மருமகள் எங்கள் இருவருக்கும் தட்டைத் தரையில் வைத்துத்தான் பரிமாறுகிறாள்.