நாஞ்சில் காதுக்கு இது புதுச் சத்தமா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நாலு பையன்கள் கிட்டாரும் டிரம்ஸுமாக ஒரு வீட்டு மாடியில் கூடினால், இரண்டாவது வாரமே யாராவது படியேறி வந்து கேட்பார்கள்: “எதுக்குடே இந்தக் கூப்பாடு?” கேள்வியில் கோபம் கொஞ்சம்தான், அக்கறைதான் அதிகம். கூடவே நாலு புத்திமதியும் வரும். தொண்டை கிழியக் கத்துவது பாட்டாகாது. கனத்த ராக் இசை ஆங்கிலத்துக்குத்தான் சரி, நம் பேச்சு அதில் உட்காராது. சினிமாவின் கையைப் பிடிக்காமல் இங்கே எந்தப் பாட்டும் கரையேறாது. அதையும் மீறி முதல் அடியிலேயே முழு ஆல்பம் என்று இறங்கினால் அது அகலக்கால்.

பல ஆண்டுகளாக மறுப்பார் இல்லாமல் புழங்கியதால் இவை நாலும் உண்மையின் தோரணையைப் பெற்றுவிட்டன. ஆனால் நாலும் தவறு. தவறென்று காட்டும் சான்றுகளில் பாதி இந்தக் குமரி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. மீதியில் முக்கியமானது, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

முதலில் கத்தல் விஷயம். ‘போஸ்ட்-ஹார்ட்கோர்’ என்று இன்று சொல்லப்படும் இசை 1980களின் நடுவில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்தில் உருவானது. அதற்கு முன் அங்கே ஹார்ட்கோர் பங்க் இருந்தது. ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டு, ஒரே ஓட்டமான வேகம், ஒரே உயரத்தில் குரல். அந்த வார்ப்பு போதாது என்று அதே ஊர்ப் பையன்களே உணர்ந்தபோது வேகத்தைக் குறைத்துக் கூட்டினார்கள். கிசுகிசுப்பையும் அலறலையும் ஒரே பாட்டுக்குள் வைத்தார்கள். சொந்தத் துயரத்தை வெட்கப்படாமல் பாடினார்கள். ‘ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ குழுவின் 1985 இசைத்தட்டும், 1987-ல் தொடங்கிய ‘ஃபுகாசி’ குழு 1990-ல் வெளியிட்ட ‘ரிப்பீட்டர்’ ஆல்பமும் இந்த வழியைத் திறந்தவை. அலறல் இந்த இசையில் ஓர் உச்சம். மெல்ல ஏறி, கட்டி நிறுத்தி, பிறகு உடைக்கும் இடம் அது. தொடக்கத்திலிருந்து கேட்காதவருக்கு அந்த இடம் மட்டும் தெருவில் கேட்டால் கூப்பாடாகத்தான் தோன்றும்.

இப்போது பங்குனி, சித்திரை மாதத்தில் ஒரு கொடைவிழாவுக்குப் போவோம். சுடலைமாடன் கோயிலாகவும் இருக்கலாம், இசக்கி கோயிலாகவும் இருக்கலாம். பந்தலில் வில் சாத்தப்பட்டிருக்கிறது. மணிகள் கட்டிய நாண் மீது வீசுகோல் விழுகிறது. குடத்தின் வாயில் தட்டி எழுப்பும் அடித்தொனி வயிற்றில் அதிர்கிறது. உடுக்கை, தாளம், கட்டை. கதை சொல்லும் புலவர் வலப்பக்கம். அவர் விட்ட இடத்தைத் தூக்கிப் பிடிக்க இடப்பக்கம் ஒரு கூட்டம். வலத்தே, இடத்தே என்று இந்த மாவட்டத்தார் சொல்லும் இந்தப் பங்கீடு, ஹார்ட்கோர் குழுக்களில் ஒருவர் கத்த மற்றவர்கள் கூடிக் கத்தும் முறைக்கு மிக அருகில் நிற்கிறது. நள்ளிரவு தாண்டியதும் கதை கொலைக்கு வரும். சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டில் வேகம் ஏறும். உடுக்கை விடாது. சாமியாடியின் தொண்டையிலிருந்து வரும் குரலை யாரும் இசையிலக்கணத்தால் அளப்பதில்லை.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த வட்டாரத்து வில்லுப்பாட்டைப் பல நாள் கூட இருந்து கேட்டு, 1988-ல் அதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். கதைகளை அவர் பிறப்பின் கதைகள், இறப்பின் கதைகள் என்று பிரித்துப் பார்த்தார். அநியாயமாகச் செத்தவர்கள் தெய்வமாகிற கதைகளில், சாவு நிகழும் கட்டத்தில்தான் பாட்டும் ஆட்டமும் உச்சத்துக்குப் போகின்றன என்று காட்டினார். முத்துப்பட்டன் கதையை நினைத்துப் பாருங்கள். பிராமணனாகப் பிறந்தவன் சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, செருப்புத் தைத்து, மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மடிகிறான். அதை மென்குரலில் முணுமுணுத்துவிட்டுப் போக முடியுமா? நாஞ்சில் நாட்டின் காது தலைமுறை தலைமுறையாகப் பழகிய சத்தம் இது, கூம்பு ஒலிபெருக்கி வருவதற்கு முன்பிருந்தே.

கொடையில் சாமி இருக்கிறது, ராக்கில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டின் நோக்கமும் வேறு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் புத்திமதி சொன்னவர்கள் குறை கண்டது நோக்கத்தில் அல்லவே; சத்தம் நமக்கு அந்நியம் என்றார்கள். அந்த வாதத்தை விடிய விடிய நடக்கும் ஒரு கொடையே முடித்து வைத்துவிடுகிறது.

இரண்டாவது வாதம் மொழி. இதற்குத்தான் திருவனந்தபுரம் போக வேண்டும்.

2003-ல் அங்கே ‘அவியல்’ என்ற குழு தொடங்கியது. பெயரிலேயே சமையலறை இருக்கிறது. நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் அவியல் இல்லாத இலையைப் பார்த்தவர் உண்டா? அதுவரை கேரளத்தின் ராக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடிவந்தன. ராக் என்றால் அப்படித்தான் என்று இருந்த காலம். அவியல் அந்தக் கட்டை அவிழ்த்தது. டோனி ஜான் குரலும் டர்ன்டேபிளும், ரெக்ஸ் விஜயன் கிட்டார், நரேஷ் காமத் பேஸ், மிதுன் புத்தன்வீட்டில் டிரம்ஸ் என்று அமைந்த குழு, மும்பையின் ஃபேட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ் வழியாக 2008-ல் தன் பெயரையே தலைப்பாக வைத்து முதல் முழு ஆல்பத்தை வெளியிட்டது. எட்டுப் பாட்டு. எட்டும் மலையாளம்.

அவியலைப் போஸ்ட்-ஹார்ட்கோர் என்று சொல்ல முடியாது. ஆல்டர்நேட்டிவ் ராக் என்பதே பொருந்தும் பெயர். கறாரான போஸ்ட்-ஹார்ட்கோர் முதல் ஆல்பம் வேண்டுமென்றால் மும்பையின் ‘காடஸ் காக்ட்’ குழு 2011-ல் வெளியிட்ட ‘ரீசர்ஃபேஸ்’ இருக்கிறது. அது ஆங்கிலம். மொழி பற்றிப் புத்திமதி சொல்பவர்கள் அதைத்தான் தங்கள் சாட்சியாக நிறுத்துவார்கள். ஆனால் அதே மும்பையின் ‘ஸ்க்ரைப்’ என்ற ஹார்ட்கோர் குழுவைப் பாருங்கள். ‘மார்க் ஆஃப் தேஜா’, ‘ஹெய்ல் மொகாம்போ’ என்று இந்திப்பட வில்லன்களின் பெயரைத் தங்கள் ஆல்பங்களுக்குச் சூட்டினார்கள். ஆங்கிலத்தில் கத்தியவர்களுக்கும் காலூன்ற உள்ளூர் மண் தேவைப்பட்டிருக்கிறது.

அவியல் அந்த மண்ணிலேயே நேராக இறங்கியது. நாட்டுப் பாடல்களின் சந்தத்தையும் கவிகளின் சொல்லையும் எடுத்துக் கிட்டாரின் கனத்துக்குள் வைத்தது. ‘கருகரே’ என்ற பாட்டின் வரிகள் காவாலம் நாராயணப் பணிக்கர் எழுதியவை. அரவிந்தன் இயக்கிய ‘கும்மாட்டி’ படத்தில் 1979-லேயே ஒலித்தவை. அதில் வரும் கார்முகில் என்ற சொல்லுக்கு எந்தத் தமிழருக்கும் அகராதி தேவைப்படாது. ‘நட நட’ என்பதற்கும் அப்படியே.

எல்லாவற்றையும்விடக் குமரி மாவட்டத்துக்கு நெருக்கமானது ‘ஆடு பாம்பே’. அது ஸ்ரீ நாராயண குரு இயற்றிய குண்டலினிப் பாட்டு. பாம்பைப் பார்த்து ஆடச் சொல்லும் அந்தப் பல்லவியை எங்கே கேட்டிருக்கிறோம் என்று தமிழர் யோசிக்கவே வேண்டாம். பாம்பாட்டிச் சித்தர் நம்மிடையே பாடி வைத்த முறை அது. நாராயண குரு தைக்காட்டு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர். மலையாளம், சமஸ்கிருதத்தோடு தமிழிலும் பதிகங்கள் பாடியவர். திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர். 1888-ல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் பிரதிஷ்டை செய்வதற்கு முன்பு அவர் தவமிருந்த இடம் மருத்துவாழ்மலையின் பிள்ளைத்தடம் குகை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் பேருந்து ஜன்னல் வழியாகவே தெரிகிற அந்த மலைதான்.

ஆகவே பாதையைக் கவனியுங்கள். தமிழ்ச் சித்தர் மரபின் ஒரு பாட்டுமுறை, குமரி மலையொன்றில் தவமிருந்த துறவியின் கைக்குப் போய், மலையாளப் பாட்டாகி, நூறாண்டுக்கு மேல் கழித்து ஒரு ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் மின்கிட்டாரோடு வெளிவந்திருக்கிறது. இந்த மொழியும் அந்த இசையும் ஒட்டாது என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது? அது மலையாளத்துக்கு ஆகும், தமிழுக்கு ஆகாது என்று ஒரு கிளை வாதமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது என்பதை மறந்தவர்கள் மட்டுமே அதைச் சொல்ல முடியும். சென்னையிலோ, 2018 ஜனவரியில் திரைப்பட இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து மேடையேற்றிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் தமிழில் கொண்டுவந்தது. தமிழின் வல்லின ஒற்றுகள் டிரம்ஸின் அடியோடு எவ்வளவு இயல்பாகச் சேருகின்றன என்பது அங்கே எல்லோர் காதிலும் விழுந்தது.

மூன்றாவதான சினிமா வாதத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது: காசு அங்கேதான் இருக்கிறது. ஆனால் வரிசை தலைகீழ். மலேசியாவின் ‘யோகி பி & நட்சத்ரா’ 2006-ல் ‘வல்லவன்’ என்ற முழு ஆல்பத்தைத் தமிழ் ராப்பில் வெளியிட்ட பிறகுதான், 2007-ல் ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி-யின் குரல் ஒலித்தது. அவியலின் ஆல்பம் 2008. ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்தில் அந்தக் குழுவின் பாட்டு வந்தது 2011. அதே ஆண்டு ‘சாப்பா குரிசு’ படத்துக்கு ரெக்ஸ் விஜயன் இசையமைத்தார். இரண்டு குழுக்களுமே சினிமாவின் கதவை முதலில் தட்டப் போகவில்லை. தங்கள் வேலையை முழுதாகச் செய்து வைத்தார்கள். சினிமா தேடி வந்தது. நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர் என்.எஸ்.கிருஷ்ணன் கதை மட்டும் வேறா? ஊரின் வில்லையும் நாடக மேடையையும் பழகிக்கொண்டு போனவர் அவர். அவருக்குள் இருந்த நாஞ்சில் நாட்டைத்தான் திரை வாங்கிக்கொண்டது.

கடைசியாக, முதல் அடியிலேயே முழு ஆல்பம் அகலக்கால் என்பது. இதற்குச் சாதகமான சான்றைத் தேடினால் கிடைக்கும். ஃபுகாசி குழுவே முதலில் இரண்டு சிறு இசைத்தட்டுகளை வெளியிட்டுவிட்டுத்தான் ‘ரிப்பீட்டர்’ பக்கம் வந்தது. அவியலும் அவசரப்படவில்லை, தொடங்கியதற்கும் ஆல்பத்துக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். பொறுமை வேண்டும் என்பதற்கு இவை சான்று. ஆல்பமே வேண்டாம் என்பதற்கு எப்படிச் சான்றாகும்?

ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் அப்படிக் காத்திருக்கவில்லை. அவர்களுடைய முதல் இசைத்தட்டே முழு ஆல்பம்தான். அடுத்த ஆண்டே குழு கலைந்துவிட்டது. மேடையேறியதும் கொஞ்சம் முறைதான். ஆனாலும் நாற்பது ஆண்டு கழித்து, அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம், அவர்களைப் பற்றி இங்கே ஒரு தமிழ்க் கட்டுரை பேசுகிறது என்றால், அதற்கு அந்த ஒரு ஆல்பம் தவிர வேறு காரணம் இல்லை. சிறு குழுக்கள் கலைவது இயல்பு. ஒருவர் வேலைக்கு வளைகுடா போவார், ஒருவருக்குக் கல்யாணம் ஆகும், ஒருவர் சென்னைக்குப் போய்த் திரும்ப மாட்டார். நம் மாவட்டத்தில் இது வேறெங்கையும்விட வேகமாக நடக்கும். தனித்தனிப் பாட்டாகப் போட்டவை அலைபேசி மாறும்போது தொலையும். எட்டுப் பாட்டை ஒரு வரிசையில், ஓர் எண்ணத்தில் கோத்து வைத்தால் குழு போன பிறகும் அது நிற்கும். கொடையில் விடியும் வரை நீளும் கதையைக் கேட்கப் பொறுமையுள்ள ஊருக்கு நாற்பது நிமிட ஆல்பம் பெரிய சுமையில்லை.

இந்தத் தலைமுறைப் பையன்களும் பெண்களும் செய்ய வேண்டியதாக ஒன்று மிச்சமிருக்கிறது. நாஞ்சில் பேச்சில், உடுக்கையின் அடியை அறிந்த கையால், முழு நீளத்தில் ஒரு கனத்த ராக் ஆல்பம். மருத்துவாழ்மலையின் பாட்டு திருவனந்தபுரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. அடுத்தது இங்கிருந்தே நேராகக் கிளம்பட்டும்.

மாடியில் சத்தம் கேட்டுப் படியேறும் அண்ணாச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள்.