குடிக்கூலியும் பொறுப்பும்

சுங்குவார்சத்திரத்திலே தொழிற்சாலை வேலையை நம்பி வந்து, குடிக்கூலிக்கு அறை கொண்டு வாழ்வோர் பலர். அவ்வறையிலுள்ள மின்விசிறி பழுதுற்றால் புதியது வாங்க வேண்டியவர் யாவர்? 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை, சுவர்ப்பழுது, குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவற்றை வீட்டுடையார்க்கும், வெந்நீர்க் கருவி, சுவிட்சு, மின்கருவிகள் ஆகியவற்றைக் குடியிருப்போர்க்கும் உரியனவாகப் பகுக்கின்றது. தாம் கெடுத்ததைத் தாமே திருத்துதல் நீதியே. ஆயின், பத்தாண்டு சுழன்று தேய்ந்த விசிறியை ஓராண்டு தங்குவோர் மாற்றித் தருதல் எங்ஙனம் நீதியாகும்? பலர் ஆண்ட பொருளின் விலையை இறுதியில் வந்தவர் தலைமேல் சுமத்துதல் அறமன்று. பொருளையும் சேர்த்துக் கூலி கொள்வோர் அதன் மூப்பிற்கும் பொறுப்பாதல் வேண்டும். உடன்படிக்கையால் இப்பகுப்பை மாற்றிக்கொள்ள அச்சட்டமே இடந்தருகின்றது. ஆதலின், முன்பணம் கொடுக்குமுன் இதனை எழுதிப் பெறுதல் குடியிருப்போர் கடன். மறாது எழுதித் தருதல் வீட்டுடையார்க்கு அழகு.