மூத்தது ஹாஸ்டலுக்குப் போயாச்சு... அம்மாவுக்கு வெறும் ஏக்கம்தானா?

ப்ளஸ் டூ ரிசல்ட், கவுன்சலிங், ஃபீஸ், ஹாஸ்டல் என்று மே மாதத்திலிருந்து ஓடிக்கொண்டே இருந்த வீடு, மூத்த பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மறுநாள் சட்டென்று அடங்கிவிடும். பக்கெட், மக், தலையணை, பருப்புப் பொடி டப்பா, புளிக்காய்ச்சல் பாட்டில் என்று தேடித் தேடிச் சேர்த்ததெல்லாம் பிள்ளையோடு போயாச்சு. நாலு நாள் சொந்தக்காரர்கள் போனில் விசாரிப்பார்கள். அப்புறம் அவரவர் வேலை அவரவருக்கு.

ஒரு மாதம் கழித்து, கணவரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ நீங்கள் மெல்லச் சொல்வீர்கள்: "என்னமோ தெரியல, உடம்பே அசதியா இருக்கு. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. எதுக்கெடுத்தாலும் எரிச்சலா வருது."

உடனே பதில் ரெடி! "பிள்ளையைப் பிரிஞ்ச ஏக்கம். போகப் போகச் சரியாயிடும்."

மாமியாரும் இதைத்தான் சொல்வார், கணவரும் இதைத்தான் சொல்வார். ஏன், நீங்களே கண்ணாடி முன்னால் நின்று இதைத்தான் சொல்லிக்கொள்வீர்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஏக்கம் இல்லை என்று யார் சொன்னது? பதினேழு வருஷம் வளர்த்த பிள்ளையாயிற்றே! ஆனால் உடம்பில் வருகிற எல்லாவற்றையும் 'ஏக்கம்' என்கிற ஒரே போர்வையைப் போட்டு மூடிவிடுகிறோமே, அது ஆபத்தான பழக்கம் சகோதரிகளே!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்து மூன்று, இருபத்து நாலில் கல்யாணம். ஒன்றிரண்டு வருஷத்தில் மூத்தது பிறந்தது. அது காலேஜில் காலெடுத்து வைக்கும்போது உங்களுக்கு என்ன வயது? நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு. மாதவிலக்கு தாறுமாறாகத் தொடங்குகிற வயது அது. தைராய்டு, சர்க்கரை, பிரஷர் எல்லாம் 'நான் வரலாமா?' என்று எட்டிப்பார்க்கிற வயதும் அதுவே. பிள்ளை ரயிலேறும் நேரமும் உங்கள் உடம்பு மாறும் நேரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. இரண்டுக்கும் அடையாளங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அசதி, தூக்கமின்மை, படபடப்பு, காரணமில்லாத அழுகை. எது எதனால் வந்தது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அக்காவால் நிச்சயம் முடியாது!

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குத் திடீரென்று விழிப்பு வருகிறது. முகமும் கழுத்தும் சூடாகி, நைட்டி நனையும்படி வியர்க்கிறது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. உடனே மனசு எங்கே போகும்? 'ஐயோ, பிள்ளைக்கு அங்கே ஏதாவது ஆயிடுச்சோ' என்று ஹாஸ்டலுக்குத்தான் ஓடும். விடியும்வரை கவலைப்பட்டுவிட்டு, 'பிள்ளையை நினைச்சே எனக்குத் தூக்கம் போச்சு' என்பீர்கள். உண்மையில், மாதவிடாய் நிற்பதற்குச் சில வருஷங்கள் முன்பிருந்தே ஹார்மோன் ஏறி இறங்குவதால் வருகிற சூடு அது. சில நிமிஷங்களில் தானாக அடங்கும். முதலில் விழித்தது உடம்பு, கவலை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இது தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். மீதிக்கு வைத்தியம் இருக்கிறது. ஆனால் படபடப்பு அடிக்கடி வந்தாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தாலோ இதையும் 'வயசுக் கோளாறு' என்று தள்ளாமல் உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். இங்கேதான் பெரிய விஷயம் இருக்கிறது.

மூத்தது வீட்டில் இருந்தவரை காலை ஏழு மணிக்குள் டிபன் பாக்ஸ் தயாராக வேண்டும். அந்தச் சாக்கில் அடுப்பங்கரை ஓடியது. உங்களுக்கும் நின்றபடியே ரெண்டு இட்லியாவது உள்ளே போனது. இப்போது? மாவு பாதியளவுதான் அரைக்கிறீர்கள். பால் பாக்கெட்டில் ஒன்று குறைந்துவிட்டது. சின்னது நூடுல்ஸ் கேட்கிறது, அவர் ஆபீஸ் கேன்டீனில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். 'எனக்கு ஒருத்திக்காக என்னத்தைச் சமைக்கிறது' என்று மதியம் பழைய குழம்பும் ஊறுகாயுமாக முடிகிறது. கீரை, பொரியல் எல்லாம் மூத்தது ஊருக்கு வருகிற வாரம் மட்டும்தான். பிள்ளைக்கு தினமும் போனில் "சாப்ட்டியா? என்ன சாப்ட்டே?" என்று கேட்கிற அம்மாவிடம், நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது!

ஏற்கெனவே நம் பெண்களுக்கு இரத்தம் குறைவு. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொன்னது தெரியுமா? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை! நாடு முழுக்கப் பார்த்தால் 57 பேர். படித்த வீடு, வசதியான வீடு என்று இது பேதம் பார்ப்பதில்லை. இதோடு நாற்பதுக்கு மேல் மாதவிலக்கில் போக்கு அதிகமானால், இருக்கிற கொஞ்சமும் வடிந்துபோகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், கால் கடுக்கும். 'மனசு சரியில்லை, அதான்' என்று படுத்துவிடுவீர்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது மனசு சம்பந்தப்பட்டதல்ல. கோயிலுக்குப் போய் வந்தாலும், டி.வி. சீரியல் பார்த்தாலும் இரத்தம் ஏறாது!

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் நிறையப் பேர். மாத்திரை சாப்பிட்டால் அப்படிப் போவது வழக்கம்தான். இரத்தம் சரியான அளவுக்கு வந்த பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இரத்தம் ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். போக்கு அதிகம் என்றால் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

"கர்ப்பப்பையை எடுத்துடுங்க, தொல்லை விட்டுது" என்று யாராவது அவசரப்படுத்தினால் மட்டும் தலையாட்டாதீர்கள். மாத்திரையில், கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனத்தில் கட்டுப்படுகிற போக்கும் உண்டு. இன்னொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டு முடிவு செய்யுங்கள். அதேபோல, மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழிந்த பிறகு ஒரே ஒரு நாள் இரத்தம் பட்டாலும் சும்மா இருக்கக் கூடாது. அதை உடனே காட்டியே ஆகவேண்டும்.

தைராய்டு இன்னொரு கள்ளன். உடம்பு கனக்கும், முடி கொட்டும், மலச்சிக்கல் வரும், மற்றவர்கள் ஃபேன் போடும்போது உங்களுக்குக் குளிரும், மனசும் மந்தமாகிவிடும். 'வேலை குறைஞ்சதுல வெயிட் போட்டுட்டேன்' என்று நினைத்துக்கொள்வீர்கள். டி.எஸ்.எச். என்று ஒரே ஒரு இரத்தப் பரிசோதனை போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்!

இவ்வளவு சொல்கிறேனே, அம்மாக்கள் ஏன் போவதில்லை? சோம்பலா? இல்லவே இல்லை. பணம்! காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், மெஸ் அட்வான்ஸ், லேப்டாப் என்று கட்டி முடிக்கும்போது பெரும்பாலான வீடுகளில் அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறது. டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்த சீட்டு, பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. "அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டிட்டுப் பாத்துக்கலாம்." நாலு வருஷத்தில் எட்டு செமஸ்டர் அம்மா! சின்னது அதற்குள் ப்ளஸ் டூ வந்துவிடும். அப்புறம் அதன் ஃபீஸ். அந்தச் சீட்டை எப்போதுதான் வெளியே எடுப்பீர்கள்?

வீட்டுக்காரர்களே, இந்த இடத்தை நீங்களும் படியுங்கள். ஃபீஸ் கட்டுகிற பட்ஜெட்டில் அம்மாவின் பரிசோதனைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அதுவும் முடியாத நிலைமை என்றால், பக்கத்திலிருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் காசில்லாமல் பார்க்கலாம். முப்பது வயது தாண்டியவர்கள் சர்க்கரை, பிரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அரசாங்கத் திட்டமே. 'கவர்மென்ட் ஆஸ்பத்திரியா?' என்று முகம் சுளிப்பதில் அர்த்தமில்லை.

சரி, எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டது. அப்போது? அப்போது ஏக்கத்தைப் பற்றிப் பேசலாம், தாராளமாக!

பிள்ளை போன புதிதில் அதன் தட்டைப் பார்த்து அழுவதும், தப்பித் தவறி நாலு பேருக்கு உலை வைப்பதும் வியாதி இல்லை. வாரங்கள் போகப்போகக் குறையும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனசு இருண்டே கிடக்கிறதா? பிடித்த பாட்டு, பிடித்த சமையல், சின்னதின் பேச்சு எதுவுமே ருசிக்கவில்லையா? 'நான் இருந்து யாருக்கு என்ன' என்கிற எண்ணம் எட்டிப்பார்க்கிறதா? அப்படியானால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சர்க்கரைக்கு டாக்டரைப் பார்ப்பது போல இதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டும். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மற்றபடி, சாதாரண ஏக்கத்துக்கு என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. வீடியோ காலைக் கொஞ்சம் குறையுங்கள்! எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசிய காலத்தில், ராத்திரி கட்டணம் குறைகிற நேரம் பார்த்து வாரம் ஒருமுறை கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் முக்கியமானதைப் பேசினார்கள். இப்போது காலையில் எழுந்ததும் ஒன்று, மெஸ்ஸில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. பிள்ளை போனை எடுக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் உங்களுக்கு பிரஷர் ஏறுகிறது. ராத்திரி ஒன்பது மணி என்று நேரம் குறித்துக்கொண்டு ஒருமுறை பேசினால் போதாதா? பிள்ளைக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இன்னொன்று, வீட்டில் மிச்சமிருக்கிற சின்னது. மூத்தது செய்த கடைக்கு ஓடுகிற வேலையெல்லாம் இப்போது அதன் தலையில். மூத்ததின் மேல் காட்ட முடியாத அக்கறையும் அதன் தலையில், உங்கள் எரிச்சலும் அதன் தலையில்! "அக்கா இருந்தப்போ நீ இப்படிக் கத்தமாட்டேம்மா" என்று ஒருநாள் அது கேட்டுவிடும். கேட்டால் கோபப்படாதீர்கள். உங்கள் உடம்பு மாறியிருப்பதைக் கூடவே இருந்து கவனிக்கிற ஒரே ஆள் அதுதான். டாக்டர் "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்கும்போது சரியான பதில் அதனிடம்தான் இருக்கும்.

தீபாவளி லீவுக்கு மூத்தது வரும். வந்ததும் "என்னம்மா, இப்படி இளைச்சுட்டே?" என்றோ "குண்டாயிட்டியே!" என்றோ கேட்கப்போகிறது. அதற்கு முன்னாலேயே ஒரு திங்கட்கிழமை காலை, சின்னதை ஸ்கூல் பஸ் ஏற்றிவிட்டு அப்படியே லேபுக்கு நடந்துவிடுங்கள். சர்க்கரைக்காக வெறும் வயிற்றில் போகவேண்டும், முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு காபிகூடக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம். புடவைக்கு அடியில் வைத்த அந்த ஸ்கேன் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.