உயரம் நின்றதும் உரிமையும் நின்றுவிடுமா?

வளர்ச்சி ஹார்மோன் என்றதும் நம் நினைவுக்கு வருவது உயரம்தான். அந்த ஹார்மோனுக்கு வேறு பணிகளும் உண்டு. பெயர் உண்டாக்கிய இந்த மயக்கம் மருத்துவக் கொள்கையிலும் புகுந்துவிட்டது. அதற்கு விலை கொடுப்பவர்கள், பிராடர்-வில்லி நோய்க்குறியுடன் வாழும் பெரியவர்கள்.

சூரிச் நகர மருத்துவர்கள் 1956-இல் விவரித்த அரிய மரபணுக் கோளாறு இது. 15-ஆவது குரோமோசோமில் தந்தைவழி மரபணுக்கள் செயல்படாததால் உண்டாகிறது. பச்சிளம் பருவத்தில் பால் குடிக்கவும் வலுவில்லாத குழந்தையை, சில ஆண்டுகளில் தீராப் பசி பற்றிக்கொள்கிறது. சமையலறையைப் பூட்டி வைத்து வாழும் குடும்பங்கள் உண்டு. தசை குறைந்து கொழுப்பு மிகும் உடலை நீரிழிவும் இதய, சுவாசக் கோளாறுகளும் எளிதில் தாக்குகின்றன.

இந்நோயுள்ள குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் அளிக்க அமெரிக்கா 2000-இல் ஒப்புதல் வழங்கியது. பிரிட்டனின் மருத்துவ மதிப்பீட்டு அமைப்பான 'நைஸ்' 2010-இல் அதைப் பரிந்துரைத்தபோது, இறுதி உயரத்தை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும் என்றது. பெரியவர்களுக்கான அதன் 2003-ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ, கடுமையான ஹார்மோன் குறைபாட்டுடன், 25 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத்தர வினாப்பட்டியலில் குறைந்தது 11 புள்ளிகளையும் கோருகிறது. அறிவுத்திறன் குறைபாட்டுடன் வாழும் ஒருவர் தம் சோர்வையும் தனிமையையும் எடைபோட்டு விடையளிக்க வேண்டும்! அளவுகோலே ஆளை வெளியே நிறுத்திவிடுகிறது.

பெரியவர்களிடம் நடந்த ஆய்வுகள், இச்சிகிச்சையால் தசை கூடுவதையும் கொழுப்பு குறைவதையும் காட்டியுள்ளன. நிறுத்தினால் அந்தப் பயன் கரைந்துவிடுகிறது. மிகைப்படுத்தவும் கூடாது: இது பசியைத் தணிப்பதில்லை. ரத்தச் சர்க்கரையையும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவதையும் தொடர்ந்து கண்காணிப்பது கட்டாயம்.

செலவு-பயன் பகுப்பாய்வைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது இதுதான். ஊசியின் விலை சுகாதாரத் துறையின் கணக்கில் உடனே பதிவாகிறது. பயனோ, பின்னாளில் தவிர்க்கப்படும் மருத்துவமனைச் செலவிலும், பராமரிக்கும் தாயின் குறையும் பாரத்திலும் சிதறிக் கிடக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் கூட்டினால் எந்தச் சிகிச்சையும் நட்டமாகவே தோன்றும். பெரியவர்களுக்கான அளவு, வளரும் குழந்தைகளுக்குரியதைவிடக் குறைவு என்பதையும் கருத வேண்டும். ஐரோப்பா 2006-இல் முதன்முதலாக ஒப்புதல் அளித்த உயிரி ஒப்புரு மருந்தே வளர்ச்சி ஹார்மோன்தான். போட்டி பெருகினால் விலை குறையும்.

இந்தியாவில், 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கை, பிராடர்-வில்லி நோய்க்கான வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சையை இரண்டாம் பிரிவில் சேர்த்துள்ளது. நீண்டகாலம் அல்லது வாழ்நாள் முழுதும் சிகிச்சை தேவைப்படும் நோய்களுக்கான பிரிவு அது. அரசு உதவி ஒரு நோயாளிக்கு ரூ.50 லட்சம் வரை உண்டு. 'வாழ்நாள்' என்ற சொல்லைக் கொள்கை ஏற்றிருக்கும்போது, நடைமுறை குழந்தைப் பருவத்தோடு நின்றுவிடக் கூடாது.

எல்லாருக்கும் எக்காலமும் கொடுங்கள் என்று நான் வாதிடவில்லை. வயதையும் உயரத்தையும் விடுத்து, உடல் கட்டமைப்பு, சர்க்கரை, உறக்கம் ஆகியவற்றை ஆண்டுதோறும் அளந்து முடிவெடுக்கட்டும். பயனில்லையெனில் நிறுத்தட்டும். பராமரிப்பவரின் சாட்சியத்தையும் கேட்கட்டும். நோயாளிகள் மிகச் சிலர். வாக்கு வங்கியாகத் திரளும் வலிமை அவர்களுக்கு இல்லை. அதனாலேயே அவர்களின் கணக்கை நேர்மையாகப் போட வேண்டிய கடமை அரசுக்குக் கூடுகிறது.