தேர்வாகாத குழந்தைக்கு மைதானம் எங்கே?

புதுதில்லி: தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சிகள் போராடிக் கொண்டிருந்த நேரம் அது. விரிவான விவாதத்துக்கு வாய்ப்பின்றிப் போனது. ஒரு வாரத்தில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்து மசோதா சட்டமாகிவிட்டது.

தேசிய விளையாட்டு வாரியம், தகராறுகளைத் தீர்க்கத் தனித் தீர்ப்பாயம், சம்மேளனத் தேர்தல்களைக் கண்காணிக்கத் தனிக்குழு என அச்சட்டம் சில நல்ல ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. சம்மேளனங்களின் செயற்குழுவில் விளையாட்டு வீரர்களும் பெண்களும் இடம்பெற வேண்டும் என்கிறது. அரசு நிதி பெறும் அமைப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கொண்டுவருகிறது. இவை அனைத்தும் மேல்தளத்துக்கான மருந்துகள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி சனிக்கிழமை மாலையில் எங்கே விளையாடுவாள், யார் அவளுக்குக் கற்றுத் தருவார்கள், அவளது பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு இந்தச் சட்டத்தில் மட்டுமல்ல, நமது எந்தச் சட்டத்திலும் தெளிவான பதில் இல்லை.

சாஃப்ட்பால் சொல்லும் செய்தி

இதைப் புரிந்துகொள்ள, நம் நாட்டில் அதிகம் பேசப்படாத சாஃப்ட்பால் விளையாட்டையே எடுத்துக்கொள்ளலாம். பேஸ்பாலின் தங்கை எனத் தக்க இந்த ஆட்டம், 1887-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தது. பந்து சற்றுப் பெரியது. பந்துவீச்சாளர் அதைக் கீழிருந்து வீச வேண்டும். ஓர் அணியில் களமிறங்குவோர் 9 பேர். 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் மகளிர் ஆட்டமாக இருந்தது. டோக்கியோவில் மீண்டும் இடம்பெற்றது. 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கிலும் இடம்பெறுகிறது.

அமெரிக்காவில் சிறுவர், சிறுமியரின் பொழுதுபோக்கு சாஃப்ட்பாலை நடத்துவது அரசு அல்ல. ஒலிம்பிக் சங்கமும் அல்ல. ஊருக்கு ஒரு லீக் இருக்கிறது. அதன் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெற்றோர்கள். ஊதியம் பெறாத தொண்டர்கள். மைதானத்தைப் பெரும்பாலும் நகராட்சிப் பூங்காத் துறையோ பள்ளியோ தருகிறது. பதிவுக் கட்டணமும் உள்ளூர்க் கடைக்காரர்களின் நன்கொடையும் செலவை ஈடுகட்டுகின்றன. பெயர் கொடுத்த குழந்தைகளின் திறனைப் பார்த்து, அணிகள் சமபலத்துடன் இருக்குமாறு பிரிக்கிறார்கள். திறன் குறைந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதற்காக அல்ல இந்தச் சோதனை என்பதுதான் முக்கியம்.

இத்தகைய லீக்குகளை இணைக்கும் அமைப்புகளில் பெரியது 'லிட்டில் லீக்'. ஒவ்வொரு குழந்தையும் ஓர் ஆட்டத்தில் குறிப்பிட்ட அளவு களத்தில் நிற்க வேண்டும், ஒருமுறையாவது மட்டை பிடிக்க வேண்டும் என்பது அதன் விதி. 1964-ல் அமெரிக்க நாடாளுமன்றமே அதற்குச் சாசனம் வழங்கியது. அச்சாசனத்தில் 'சிறுவர்கள்' என்றிருந்த சொல், சிறுமியர் தொடுத்த வழக்குகளுக்குப் பிறகு, 1974 டிசம்பரில் 'இளையோர்' என்று திருத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் அந்த அமைப்பு சிறுமியருக்கான சாஃப்ட்பாலைத் தொடங்கியது. ஊர் மைதானத்தில் யார் விளையாடலாம் என்பது ஒரு நாட்டின் நாடாளுமன்றம் வரை சென்ற வரலாறு இது.

அங்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்பதல்ல. அதிகப் பணம் கட்டி வெளியூர் சென்று ஆடும் தனியார் அணிகள் பெருகியதால், வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் ஊர் லீக்கை விட்டு வெளியேறுகிறார்கள் என்ற வருத்தம் அங்கும் உண்டு. ஆனால், வெளியேறுவதற்கு முன் உள்ளே வர அங்கே ஒரு வாசல் இருக்கிறது.

சான்றிதழே இலக்கு

நம் நாட்டிலும் சாஃப்ட்பால் இருக்கிறது. இந்தியப் பள்ளி விளையாட்டுச் சம்மேளனத்தின் போட்டிகளில் அதற்கு இடமுண்டு. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகளாக, மாவட்டம், மாநிலம், தேசியம் என ஏணிப்படி போல அமைந்தவை பள்ளிப் போட்டிகள். மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான நியமனப் பட்டியலிலும் சாஃப்ட்பால் நெடுங்காலமாக இருக்கிறது. தேசியப் பள்ளிப் போட்டிகளில் மாநில அணிக்காக ஆடியவர்களும் அந்த நியமனத்துக்குத் தகுதி பெறுகிறார்கள்.

ஆகவே பல பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் ஆட்டத்தைவிடச் சான்றிதழ் முக்கியமாகிவிடுகிறது. இதில் அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எளிய குடும்பத்துக்கு அரசு வேலை என்பது ஒரு தலைமுறையின் விடிவு. வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியைத் தடுக்க மத்திய அரசு 2010-ல் தனி நெறிமுறையே வகுக்க நேர்ந்தது என்பதிலிருந்து, சான்றிதழின் மதிப்பு எத்தகையது என்பதை உணரலாம்.

போட்டிமுறையின் கணக்கும் கவனிக்கத்தக்கது. 16 அணிகள் பங்கேற்கும் நாக்-அவுட் போட்டியில் 8 அணிகள் ஒரே ஆட்டத்துடன் ஊர் திரும்பும். மேலும் 4 அணிகள் இரண்டு ஆட்டங்களுடன். ஆண்டு முழுவதும் காத்திருந்த குழந்தைக்குக் கிடைப்பது ஒரு மணி நேர விளையாட்டு. அதே ஊரில் 6 அணிகள் லீக் முறையில் தலா இருமுறை மோதினால், ஒவ்வோர் அணிக்கும் 10 ஆட்டங்கள் கிடைக்கும். இதற்குப் புதிய அரங்கம் தேவையில்லை. நடத்துவதற்கு ஆள் வேண்டும்.

பெயர் மாறிய திட்டங்கள்

அந்த ஆள் யார் என்பதை நிர்ணயிக்க மத்திய அரசு ஒருமுறை முயன்றது. 2008-ல் தொடங்கிய 'பைக்கா' திட்டம், பத்தாண்டுகளில் நாட்டின் எல்லாக் கிராம ஊராட்சிகளிலும் விளையாட்டு மைதானம் அமைப்பதை இலக்காகக் கொண்டது. மைதானத்தைக் கவனிக்க 'கிரீடாஸ்ரீ' என்ற பெயரில் உள்ளூர்த் தொண்டர், அவருக்குச் சிறு மதிப்பூதியம் என்பது அதன் சிறப்பு. பத்தாண்டு முடியும் முன்பே, 2014-ல் அது 'ராஜீவ் காந்தி கேல் அபியான்' ஆகி, கிராமத்திலிருந்து வட்டார அளவுக்கு நகர்ந்தது. பின்னர் அதுவும் 'கேலோ இந்தியா'வில் கரைந்தது.

கேலோ இந்தியாவின் சாதனைகளை மறுப்பதற்கில்லை. திறமை மிக்க இளையோருக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வீதம் 8 ஆண்டுகள் உதவி என்பது முன்னெப்போதும் இல்லாதது. 2025-26 பட்ஜெட்டில் இத்திட்டத்துக்கு ரூ.1,000 கோடி ஒதுக்கப்பட்டது. ஆனால் மக்களின் கவனம் பெற்றது போட்டியும் தேர்வும்தான். கிராமத்துத் தொண்டர் கணக்கிலிருந்து மறைந்துபோனார்.

மாநிலங்களும் தம் பங்குக்குச் செய்கின்றன. தமிழகத்தில் 'கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்' திட்டம் 2024-ல் தொடங்கப்பட்டு, கிராம ஊராட்சிகளுக்கு மட்டை, பந்து உள்ளிட்ட சாதனங்கள் வழங்கப்பட்டன. வரவேற்கத்தக்கதே. இத்தகைய திட்டங்களின் வெற்றி, பெட்டியைத் தினமும் திறந்து, பிள்ளைகளைச் சேர்த்து ஆட வைப்பவர் கிடைப்பதில் இருக்கிறது.

பராமரிப்பு இல்லையெனில் என்ன ஆகும் என்பதற்கு 2025 நவம்பரில் ஹரியாணா துயரச் சான்றானது. ரோத்தக் மாவட்டத்திலும் பகதூர்கரிலும் கூடைப்பந்துக் கம்பங்கள் சாய்ந்து விழுந்ததில் பதின்வயதுச் சிறுவர்கள் இருவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் தேசியப் போட்டிகளில் ஆடியவர்.

யார் பொறுப்பு?

அரசியல் சாசனப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. நகராட்சிகளின் பணிகளைக் கூறும் 12-வது அட்டவணையில் விளையாட்டு மைதானம் குறிப்பிடப்பட்டுள்ளது. ஊராட்சிகளுக்கான 11-வது அட்டவணையின் 29 இனங்களில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. சமுதாயச் சொத்துகளின் பராமரிப்பு என்ற பொதுத் தலைப்பில்தான் அதைத் தேட வேண்டும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது. மாலையில் மணி அடித்த பின் அதன் வாயிற்கதவு திறந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எம்.பி.க்களின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ரூ.5 கோடி, அது முதன்மையாகச் சொத்துகளை உருவாக்குவதற்கானது, பயிற்சியாளருக்கு மாதச் சம்பளம் தருவதற்கானது அல்ல. எனவே கட்டடம் எழும், கல்வெட்டும் இருக்கும், அதன் பிறகு கேட்பாரில்லை.

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஏற்ற புதிய தேசிய விளையாட்டுக் கொள்கை, 'விளையாட்டை மக்கள் இயக்கமாக்குவது' தனது ஐந்து தூண்களில் ஒன்று என்கிறது. மக்கள் இயக்கம் என்றால் மக்களிடம் அமைப்பு வேண்டும். ஊராட்சி அல்லது வார்டு அளவில் பெற்றோரும் ஆசிரியரும் கொண்ட குழு, பள்ளி மைதானத்தை மாலையில் பயன்படுத்த எழுத்துபூர்வ அனுமதி, பயிற்சி தருவோரின் பின்னணிச் சரிபார்ப்பு, விபத்துக் காப்பீடு, ஆண்டுக்கு ஒருமுறை கம்பம், வலை, சுற்றுச்சுவர் ஆகியவற்றின் பாதுகாப்புச் சோதனை ஆகியவை போதும். கோடிகள் தேவைப்படும் காரியம் அல்ல இது. மாநில அரசுகள் அரசாணை மூலமே தொடங்கலாம்.

2030 காமன்வெல்த் போட்டி ஆமதாபாத்துக்குக் கிடைத்துவிட்டது. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா முயல்கிறது. இனி வரும் பட்ஜெட்டுகளில் அரங்கங்களுக்கும் பதக்க வாய்ப்புள்ளோருக்கும் நிதி பெருகும். அதை யாரும் எதிர்க்கப் போவதில்லை. அந்த மானியக் கோரிக்கைகள் அவைக்கு வரும்போது, தேர்வாகாத பிள்ளைகளுக்காக எவ்வளவு, அதைச் செலவிடும் பொறுப்பு யாருடையது என்று ஓர் உறுப்பினராவது கேட்க வேண்டும். 2025 ஆகஸ்டில் கேட்கப்படாமல் போன கேள்வி அது.