ஊட்டிப் பாறையும் கொடைக்கானல் பாறையும்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சாலையோரம் வெட்டிவிட்ட பாறையைப் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுமே சார்னோகைட், கருமையான நிறம், உடைத்த முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு. ஆனால், ஊட்டிப் பாறை பூமிக்கடியில் வெந்து உருமாறியது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கொடைக்கானல் பாறை கடைசியாக அப்படி வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். நடுவில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய்.

இதைக் காட்டிக்கொடுத்தவை சிர்கான், மோனசைட் போன்ற பொடிக் கனிமங்கள். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அண்டவிடாது. ஆகவே, பின்னாளில் அதற்குள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள், யுரேனியம்-235 குறைய 70 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டு கணக்கும் ஒரே விடையைத் தந்தால் அந்த வயதை நம்பலாம். சிர்கான் மணியைப் பாதியாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், பழைய கருவும் அதைச் சுற்றிப் பின்னர் வளர்ந்த விளிம்பும் தெரியும். மதுரைக்கு வடக்கே சில பாறைகளில் கருவுக்கு 250 கோடி வயது, விளிம்புக்கு 55 கோடி. பழைய நிலம் ஒன்று புதிய மலை எழுந்தபோது சிக்கி, மறுபடியும் வெந்திருக்கிறது.

அந்த 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில்தான் நிலப்பகுதிகள் மோதிக் கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தது. கேரளம், இலங்கையின் மலையகம், மடகாஸ்கர் பாறைகளிலும் அந்த மோதலின் தடம் இருக்கிறது. கொடைக்கானலின் இன்றைய உயரம் அந்த மலைத்தொடரின் மிச்சம் அல்ல. அதன் சிகரங்கள் எப்போதோ கரைந்துவிட்டன. 25 கிலோமீட்டருக்கும் கீழே புதைந்திருந்த அடிப்பகுதிதான் இப்போது வெளியே நிற்கிறது. இமயமலையில் அவ்வளவு ஆழம் துளையிட யாராலும் முடியாது. திண்டுக்கல்லில் ஒரு சுத்தியலோடு நடந்தாலே போதும்.

இந்தக் கல்தான் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரி ஏறுகிறது. கட்டடத்துக்குக் கல் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. குவாரியில் புதிதாகத் திறக்கும் முகம் ஆய்வாளர்களுக்கும் வரம்தான். அந்த முகம் பொடியான பிறகு எதுவும் மிஞ்சாது என்பதே கவலை. எடுத்த இடம் தெரியாத கல்லுக்கு வயது கண்டும் பயனில்லை.

சென்னைப் பரங்கிமலைச் சார்னோகைட்டுக்குத் தேசியப் புவியியல் சின்னம் என்ற பாதுகாப்பு இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களிலும் சில பாறைமுகங்களையாவது அப்படி ஒதுக்க வேண்டும். குவாரிக்கு உரிமம் வழங்கும்போதே, இடம் குறித்த கல் மாதிரிகளைப் பெற்றுப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை விதி வகுக்க வேண்டும்.